காலி டிரெய்லருக்கு அடித்த மணி

எங்கள் தொழிலில் மணி அடித்தால் பேஜாரு, அடிக்காவிட்டால் அதைவிடப் பேஜாரு.

விமான நிலையத்தில் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களே, மால் வாசலில் சாவிக்கொத்து கத்தியதற்காகப் பத்துப் பேர் முன்னால் கைப்பையைக் கவிழ்த்துக் காட்டியவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் வாசலுக்கு அந்தப் பக்கம் அவதிப்பட்டீர்கள், நான் இந்தப் பக்கம் அவதிப்படுகிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

வடசென்னையில் ஒரு துறைமுக வாசல். கன்டெய்னர் லாரிகள் நுழையும் பாதையின் இரண்டு பக்கமும் இரண்டு சாம்பல் நிறத் தூண்கள் நிற்கின்றன, லாரியை விட உயரமாக. அணுகுண்டுக்கு ஆகிற சரக்கோ வேறு கதிர்வீச்சுப் பொருளோ கப்பலேறி நாடு விட்டு நாடு போய்விடக் கூடாது என்று பல தேசங்கள் கூடிப் பேசி, உலகம் முழுக்கப் பல துறைமுகங்களில் இப்படி வைத்திருக்கிறார்கள். தூணுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை. அறைக்குள் மூன்று கம்ப்யூட்டர், ஓர் ஏசி, நான். லாரி தூண்களுக்கு நடுவே ஊர்ந்து போகும்போது என் திரையில் ஒரு கோடு ஓடும். கோடு எல்லையைத் தாண்டினால் மணி அடிக்கும், வெளியே சிவப்பு விளக்கு சுற்றும். அடித்த ஒவ்வொரு மணியும் அதன் கோட்டோடு எங்கேயோ இருக்கிற ஒரு சர்வருக்குப் போய்விடும். எங்கே என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தூண்கள் எதையும் வீசுவதில்லை. எக்ஸ்ரே கிடையாது, கதிர் கிடையாது. கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கின்றன. நம் காதுக்கு எட்டாத ஒன்றை, நிற்கிற இடத்திலேயே நின்றுகொண்டு, ஓயாமல் கேட்கின்றன. இது புரிந்த பிறகு அந்த அறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடவே கொஞ்ச நாள் எனக்குப் பிடிக்கவில்லை.

எலுமிச்சங்காய்

டிரைவர்கள் யாரும் நான் சொல்வதை நம்புவதில்லை. தூண் ஏதோ கதிரை விடுகிறது, ரத்தத்தைச் சுண்ட வைக்கிறது என்பது திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை வரிசையில் நிற்கும் எல்லா லாரிக்காரர்களின் முடிவு. அதனால் தூணை நெருங்கியதும் ரேடியோவை அணைப்பார்கள். துண்டை மடித்து மடியில் போட்டுக்கொள்வார்கள். சிலர் மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்கிறார்கள், கன்னம் உப்பியிருப்பது கண்ணாடி வழியாக எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு தூணிலும் எலுமிச்சங்காயும் பச்சை மிளகாயும் தொங்கும்.

கருவிமேல் எதையும் கட்டக் கூடாது என்பது விதி. கட்டினதை அவிழ்க்கச் சொல்லி, தடுப்புக் கம்பியை ஏற்றி இறக்கும் செக்யூரிட்டி கன்னியப்பனை அனுப்புவேன். கன்னியப்பன் வியாசர்பாடிக்காரர். இருபது வருடம் டிரெய்லர் ஓட்டி, முழங்கால் போனதும் இங்கே வந்து நாற்காலி போட்டவர். அவிழ்த்துவிட்டேன் என்பார். மறுநாள் பார்த்தால் அதே முடிச்சு, புது எலுமிச்சங்காய். ஒருநாள் கட்டிக்கொண்டிருந்த டிரைவரையே கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். இது ஒன்றும் செய்யாதய்யா, சும்மா கேட்டுக்கொண்டுதான் நிற்கிறது என்று பாடம் எடுத்தேன். அவர் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னார்:

"பூட்டி சீல் வெச்ச பொட்டிய இஸ்துகினு வர்றோம், உள்ள இன்னா கீதுன்னு எங்களுக்கே தெர்யாது மேடம். அது தெரிஞ்சிகினு கம்முனு நிக்கிது பாரு, அதுக்குத்தான் எலுமிச்சங்கா."

பாத்ரூம் டைல்ஸ்

அணுகுண்டு பிடிக்கலாம் என்று ஆசையோடு வேலைக்கு வந்தவள் நான். முதல் மாதத்தில் பிடித்ததெல்லாம் டைல்ஸ், கிரானைட், மணலிப் பக்கம் போகும் உர மூட்டை, ஒரு கன்டெய்னர் வாழைப்பழம். மண்ணிலும் கல்லிலும் உரத்திலும் பழத்திலும் இயற்கையாகவே கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கிறது. தூணுக்கு அது போதும், கத்திவிடும்.

போகப் போகக் கோட்டின் வடிவத்தைப் பார்த்தே சொல்லப் பழகிவிட்டேன். டைல்ஸ் என்றால் லாரியின் முழு நீளத்துக்கும் கோடு மேடாக ஏறி, மேடாகவே போய், இறங்கும். பயப்பட வேண்டியது ஊசிக் கோட்டுக்குத்தான். ஓரிடத்தில் மட்டும் செங்குத்தாக எழும்பி விழுந்தால், அந்த இடத்தில் சின்னதாக ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். இதையெல்லாம் ஒரு ஷிப்பிங் ஏஜென்டுக்குப் பொறுமையாக விளக்கி, உங்கள் சரக்கு மேடுதான், ஆபத்தில்லை, போகலாம் என்றேன். அவர் போகவில்லை. முகம் வெளுத்துப்போய் நின்றவர் மெதுவாகக் கேட்டார்:

"இதே டைல்ஸ்தான் என் வூட்டு பாத்ரூம்ல போட்டுகீறேன். நாளைக்கு காலைல நான் குளிக்கிறதா வேணாமா, அத்த சொல்லு மேடம்."

வண்டியே இல்லாதபோது

ஒரு மத்தியானம். பாதையில் ஒரு வண்டிகூட இல்லை. கோடு அடியில் படுத்துக் கிடந்தது. நான் டிபன் பாக்ஸைத் திறந்தேன். நிமிர்ந்து பார்த்தால் கோடு ஏறிக்கொண்டிருந்தது. தூண்களுக்கு நடுவே யாரும் இல்லை, எதுவும் இல்லை. இருந்தும் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று உள்ளே வந்து நிற்பது போலக் கோடு நிதானமாக மேலே போனது. மணி அடித்தது. வெறும் ரோட்டுக்குச் சிவப்பு விளக்கு சுற்றியது. என் கையிலிருந்த சாதம் அப்படியே இருந்தது.

கன்னியப்பன் ஓடிவந்து தூண்களுக்கு நடுவே நின்று நாலு பக்கமும் பார்த்தார். அப்போதுதான் முதல் தூறல் அவர் சட்டையில் விழுந்தது. ஒரு நிமிடத்தில் கொட்டித் தீர்த்தது. கதிர்வீச்சு அதிகாரி ஸ்ரீதர் சாருக்குப் போன் செய்தேன். கடல் பக்கம் ஏற்கெனவே மழை என்றும், காற்றில் கலந்திருக்கும் கதிர்வீச்சுத் துகளை முதல் மழை கழுவிக் கீழே இறக்கும், அதைத் தூண் கண்டுபிடித்துவிடும் என்றும் சொன்னார். சொட்டச் சொட்ட உள்ளே வந்த கன்னியப்பனுக்கு நான் அதை விளக்கினேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்:

"இப்ப யார நிறுத்தி பேப்பர் கேக்கறது மேடம், மானத்தயா?"

காலி டிரெய்லர்

மழை சமாசாரத்துக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. ஆனால் அடுத்த வாரம் காலை எட்டரை மணிக்கு வந்த டிரெய்லருக்குக் கிடைக்கவில்லை. கப்பலில் இறங்கிய கன்டெய்னரை ஏற்றிக்கொள்ள உள்ளே போகும் காலி டிரெய்லர். பின்னால் சரக்கே கிடையாது, வெறும் இரும்புச் சட்டம். தூணுக்குள் நுழைந்ததுமே மணி அடித்தது. திரையில் ஊசிக் கோடு. அதுவும் தொடக்கத்திலேயே, டிரைவர் உட்காரும் கேபின் இருக்கும் இடத்தில்.

வண்டியை ஓரங்கட்டினோம். டிரைவரை இறக்கி, விதிப்படி தூரத்தில் டீக்கடைப் பக்கம் போய் உட்காரச் சொன்னோம். பெயர் சேவியர், காசிமேட்டுக்காரர், ஐம்பத்தைந்து வயது இருக்கும், மெலிந்த ஆள். பதினெட்டு வருடமாக இந்த வாசலில் வந்து போகிறவர் என்பதால் எல்லோருக்கும் பழக்கம். ஸ்ரீதர் சார் கைமீட்டரோடு வந்து கேபினை அங்குலம் அங்குலமாகத் தடவினார். சீட்டுக்கு அடியில் இல்லை. டூல் பாக்ஸில் இல்லை. சீட்டுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த தலையணையிடம் மட்டும் மீட்டர் லேசாக முனகியது. உறையை உருவிப் பார்த்தோம். வெறும் பஞ்சு. தலையணை முனகுமா என்று ஸ்ரீதர் சார் என்னைக் கேட்டார். நான் யாரைக் கேட்பது?

கடைசியில் கன்னியப்பனையே ஓட்டச் சொல்லி வண்டியை மறுபடி தூணுக்குள் விட்டோம். அடிக்கவில்லை. கருவிக் கோளாறு என்று எழுதி அனுப்பிவிட்டோம். மறுநாள் காலை எட்டரை. சேவியர் ஓட்டி வந்தார். அடித்தது. அதற்கு மறுநாளும் அடித்தது. மூன்றாம் நாள் கன்னியப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"அதே வண்டிதான் மேடம். நான் குந்திகினா அடிக்கல, அந்தாளு குந்திகினா அடிக்குது. மிஷினுக்கு ஆள் அடையாளம் தெரிஞ்சிபோச்சி."

மேஜைமேல் இருந்த மீட்டர்

எங்கள் விதிப் புத்தகம் சரக்கைத்தான் சோதிக்கச் சொல்கிறது. மனிதனைச் சோதிக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்தவர்கள் செய்யும் முட்டாள்தனம் என்பது இதுதான்.

நான்காம் நாள் சேவியர் பதிவேட்டில் கையெழுத்துப் போட என் ஜன்னலுக்கு வந்தார். கைமீட்டர் என் மேஜைமேல் சார்ஜில் கிடந்தது. யாரும் தொடவில்லை. அவர் பத்தடி தூரத்தில் வரும்போதே அது டிக், டிக் என்றது. நெருங்க நெருங்க அவசரப்பட்டது. கையெழுத்துப் போட அவர் குனிந்து கழுத்தை ஜன்னலுக்குள் நீட்டியபோது இடைவெளியே இல்லாமல் கத்தியது. நான் நாற்காலியைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டேன். இன்றும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் பார்த்துவிட்டார். பேனாவை மெதுவாக வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனார். மீட்டர் நிதானமானது. இன்னும் பத்தடி போனார். கிட்டத்தட்ட அடங்கியது. சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்து, தொண்டைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"பயப்படாதீங்க மேடம். அது என் கழுத்தத்தான் தேடிகினு கீது."

மாத்திரை

தைராய்டு. கழுத்துச் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்து, கை நடுங்கி, உடம்பு இளைத்திருக்கிறது. அதை அடக்க ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுள்ள ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தடித்த ஈயப் பெட்டியில் வைத்து எடுத்து வந்தார்களாம். கொண்டுவந்தவர் கையுறை போட்டிருந்தார், இடுக்கியால் எடுத்தார். "அவுங்க தொடல, என்னிய முழுங்கச் சொன்னாங்க" என்று சேவியர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வியர்வை ஊறிய தலையணை ஏன் முனகியது என்று அப்போதுதான் புரிந்தது.

ஆஸ்பத்திரிச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். மூன்று வாரம் தனியாகப் படுக்க வேண்டும், கர்ப்பிணிகளிடமும் சின்னக் குழந்தைகளிடமும் நெருங்கக் கூடாது என்று எழுதியிருந்தது. அவர் வீட்டில் மகள் ரெஜினா பிரசவத்துக்கு வந்து இருக்கிறாள், எட்டாம் மாதம். முன்பு ஒரு குழந்தை தங்கவில்லை. விஷயத்தைச் சொன்னால் வீடே பயந்து மகளைக் கலவரப்படுத்திவிடும் என்று, நெல்லூர் லைனில் ஓட்டம் என்று மனைவி பிலோமினாவிடம் பொய் சொல்லிவிட்டு, எர்ணாவூரில் லாரி நிறுத்துமிடத்தில் கேபினுக்குள்ளேயே படுத்துக்கொண்டிருந்தார். ஸ்ரீதர் சார் நல்ல மனிதர். பெயரை எழுதாமல் "மருத்துவக் காரணம்" என்று மட்டும் பதிந்துகொண்டு, வழக்கம்போல வேலைக்கு வரச் சொன்னார். டாக்டர் சொன்ன மூன்று வாரம் போதும், தூண் அதற்கப்புறமும் ரொம்ப நாள் கத்தும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று அழுத்திச் சொன்னார். சேவியர் எல்லாவற்றையும் பணிவாகக் கேட்டுக்கொண்டார். பிறகு தூணைப் பார்த்தபடி சொன்னார்:

"டாக்டரு சீட்டப் பாத்து சொல்றாரு சார். இது என்னியப் பாத்து சொல்லுது. இது அடிக்காத அன்னிக்குத்தான் நான் வூட்டுக்குப் போவேன்."

தானாக நகர்ந்த அம்புக்குறி

அப்புறம் தினமும் எட்டரைக்கு மணி. கன்னியப்பன் கம்பியை ஏற்றுவார். சேவியர் கேபினிலிருந்து எட்டி என்னைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன், இன்னும் அடிக்கிறது என்று. மருத்துவக் காரணம் என்று டைப் செய்வேன். மூன்று வாரம் ஓடிப்போனது. அதற்கப்புறம் ஒரு வாரம் கழித்து ரெஜினாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சேவியர் போனில் படம் காட்டினார், ஜன்னலிலிருந்து நாலடி தள்ளி நின்று, கையை மட்டும் நீட்டி.

அந்த வாரத்தில் ஒருநாள் நான் மவுஸைத் தொடாமல் இருக்கும்போதே திரையில் அம்புக்குறி நகர்ந்தது. வெளிநாட்டிலிருந்து இன்ஜினியர்கள் சில சமயம் இப்படி உள்ளே நுழைந்து சரிபார்ப்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான். அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. அம்புக்குறி பழைய பதிவுகளுக்குள் போனது. ஆயிரக்கணக்கான கோடுகளில் சேவியரின் கோட்டை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தேதி வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. உயரமான ஊசி, அதைவிடக் குட்டை, அதைவிடக் குட்டை. வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய பாதியாகிக்கொண்டே வந்தது, அந்த மாத்திரையின் கதிர்வீச்சு தேய்கிற அதே வேகத்தில். என் கை மடியில் இருந்தது, மேஜைமேல் மவுஸ் அசையாமல் கிடந்தது. சந்தேக நபர் என்று மேலே எழுதிவிடுவார்களோ, பாஸைப் பிடுங்கிவிடுவார்களோ என்று திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு சின்னப் பெட்டி திறந்தது. எழுத்து எழுத்தாக ஆங்கிலத்தில் ஒரு வரி விழுந்தது. மனைவிக்கும் மகளுக்கும் தெரியாத ஒன்று, முகமே பார்க்காத யாரோ ஒருவருக்கு எந்த நாட்டிலோ உட்கார்ந்தபடி தெரிந்திருந்தது. அந்த வரியின் தமிழ் இவ்வளவுதான்:

"தினமும் காலையில் வரும் இந்த மனிதருக்குத் தைராய்டு குணமாகி வருகிறது, இல்லையா?"

பிலோமினா

இன்னும் மூன்று வாரம் போயிருக்கும். ஒருநாள் வாசலில் ஓர் அம்மா நின்றார். கையில் ஞானஸ்நானப் பத்திரிகை. பாஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் கம்பிக்கு அந்தப் பக்கம் நான் போய்ப் பேசினேன். சேவியரின் மனைவி பிலோமினா என்றார். பேத்திக்கு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஞானஸ்நானம், தாத்தாக்காரர் இன்னும் குழந்தையின் முகத்தை நேரில் பார்க்கவில்லை என்றார். நெல்லூர் ஓட்டம் என்று சொன்ன மனுஷனை எர்ணாவூர் டீக்கடையில் பார்த்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்லியிருக்கிறார்.

நான் என்ன செய்வேன்? வீட்டில் யாருக்கும் சொல்லமாட்டேன் என்று சேவியரிடம் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். டாக்டர் சொன்ன மூன்று வாரம் போய் இன்னொரு மூன்று வாரமும் தாண்டிவிட்டது, போய்க் குழந்தையைத் தூக்குங்கள் என்று நானும் ஸ்ரீதர் சாரும் தொண்டை கட்டச் சொல்லியாகிவிட்டது. அவர் தூணைக் கை காட்டுவார், அவ்வளவுதான். பத்திரிகையைக் கொடுத்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மா அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"சண்ட போட வரலம்மா. எர்ணாவூர்ல எந்த வூட்டுக்குப் போறாருன்னு மட்டும் சொல்லு. அந்தப் பொம்பளயக் கையெடுத்துக் கும்பிட்டு, ஞாயித்துக்கெயம ஒரு நாளு அனுப்பி வையின்னு கேட்டுக்கினு போறேன்."

சோதனை நேரம்

அன்று வீட்டுக்குப் போயும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டுக் குழந்தைகள் சாயங்காலம் ஓடிவந்து என்மேல் ஏறி விழுகிறார்கள். அந்த மனுஷன் கேபினில் தலையணையோடு கிடக்கிறார். என்ன உலகப் பாதுகாப்பு, என்ன எழவு என்று கோபம் கோபமாக வந்தது.

தினமும் காலை எட்டு மணிக்குப் பத்து நிமிடம் வாசலை மூடி, கருவியைச் சோதனைக்குப் போடுவோம். அந்தப் பத்து நிமிடமும் வெளியே மணியும் சிவப்பு விளக்கும் வேலை செய்யாது, தூண் உச்சியில் எப்போதும் எரியும் பச்சை விளக்கும் அணைந்திருக்கும். சனிக்கிழமை நான் சேவியரைச் சீக்கிரம் வரச் சொன்னேன். சோதனை முடிந்து ஸ்ரீதர் சார் போனபின், கைமீட்டரை எடுத்துக்கொண்டு அவர் வண்டியை முன்னாலிருந்து பின்னால் வரை நானே தடவினேன். அந்தக் கழுத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. பிறகு உள்ளே போய், சோதனையை நிறுத்த வேண்டிய பொத்தானை அழுத்தாமல், கன்னியப்பனுக்குக் கை காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், கம்பியை ஏற்றினார்.

டிரெய்லர் தூண்களுக்கு நடுவே ஊர்ந்தது. ஒரு சத்தமும் இல்லை. ஏழு வாரமாகக் கேட்டுப் பழகிய இடத்தில் அந்த அமைதி எனக்குத் திகிலாக இருந்தது, சத்தம் வராத வாயை யாரோ திறந்து வைத்திருப்பது போல. சேவியர் வண்டியை நிறுத்தி இறங்கினார். தொண்டைமேல் கையை வைத்தபடி தூணை அண்ணாந்து பார்த்தார். என் பக்கம் திரும்பினார். நான் தலையை ஆட்டவில்லை, என்னால் ஆட்ட முடியவில்லை. மெதுவாகத் தொண்டையிலிருந்து கையை எடுத்தார், ஏறி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம்தான் சோதனையை நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். கன்னியப்பன் ஜன்னலருகில் வந்து எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இன்னிக்கு மிஷினுக்கு ஒடம்பு செரியில்ல போல மேடம். பாவம், அதுவும் எத்தினி நாளுதான் கத்தும்."

அடிக்காத மணி

திங்கட்கிழமை எட்டரைக்கு மணி வழக்கம்போல அடித்தது. எனக்கு உயிரே போய்விட்டது. பொய் வெளிச்சமாகிவிட்டது, இனி மனுஷன் மறுபடி கேபினுக்குள் போய்ப் படுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். சேவியர் இறங்கிவந்து ஜன்னலில் ஒரு கேக் பொட்டலத்தை வைத்தார். சட்டையின் தோளில் பால் கக்கிய கறை இருந்தது.

மேலும் இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு காலை, நான் எதையும் நிறுத்தாமலே, மணி அடிக்கவில்லை. திரையில் கோடு தரையோடு தரையாக ஓடி முடிந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்புக்குறி தானாக நகர்ந்தது. அன்றைய கோட்டைத் திறந்து, பழைய ஊசிகளின் கடைசியில் கொண்டுபோய் வைத்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு எல்லாவற்றையும் ஒழுங்காக மூடிவிட்டுப் போய்விட்டது. ஏசியைக் குறைத்தும் எனக்குக் குளிர் போகவில்லை.

சேவியர் ஜன்னலுக்கு வந்தார். இந்த முறை பக்கத்திலேயே வந்து நின்றார். மேஜைமேல் மீட்டர் பேசாமல் கிடந்தது. ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் நான் செய்தது தப்புதான், மன்னித்துவிடுங்கள் அண்ணே என்றேன். பொய்யைச் சொல்லிக் குழந்தையைத் தூக்க வைத்தது மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. முதல்முறையாக என்னை மேடம் என்று கூப்பிடாமல் அவர் சொன்னார்:

"பதினெட்டு வருசமா இந்த கேட்டுல போய்கினு கீறேன், டெஸ்ட்டு நேரத்துல மேல பச்ச வௌக்கு எரியாதுன்னு எனக்குத் தெர்யாதா தங்கச்சி? மிஷின நம்பி நான் போவல. வேலைய பணயம் வெச்சி நீ எனக்கோசரம் பொய் சொன்ன பாரு, அத்த நம்பித்தான் கொயந்தயத் தூக்குனேன்."

பல தேசங்கள் கூடிப் பேசி நட்டுவைத்த இரண்டு தூண்களுக்குப் பக்கத்தில் இத்தனை வருடம் உட்கார்ந்து நான் கண்டுபிடித்தது டைல்ஸ், உரம், வாழைப்பழம், ஒரு மழை, ஒரு தாத்தா. அதில் தாத்தாவை நானே தப்பவிட்டேன்.